வண்டி ஏறிய வண்டி

ஓடம் வண்டியில் ஏறும். வண்டியும் ஓடத்தில் ஏறும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்கு அதனை உவமையாகச் சொல்லுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கடற்கரையில் வாழும் மக்களுக்கோ அது உவமை அன்று. ஆண்டுதோறும் கண்ணால் காணும் காட்சி. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பிறந்ததும் அங்கே எண்ணற்ற மோட்டார்க் கார்கள் லாரியின்மேல் ஏறுகின்றன, ரயிலுக்குள் ஏறுகின்றன, ஒரு காலத்தில் படகிலும் ஏறின. எல்லாம் தெற்கு நோக்கிப் போவதற்காகவே. பங்குனி, சித்திரையில் அவை வந்த வழியே வடக்கே திரும்புகின்றன. கார் என்பது மனிதனை ஏற்றிச் செல்வதற்கென்று பிறந்தது. அந்தக் காரையே இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் எவ்வாறு தோன்றியது? அதற்குப் பின்னால் யார் யாருடைய உழைப்பும் கண்ணீரும் இருக்கின்றன? இவற்றைத்தான் இன்று சற்றே ஆராய எண்ணுகிறேன்.

முதலில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க், மிச்சிகன் முதலிய வட மாகாணங்களிலும், அவற்றுக்கு அப்பால் உள்ள கனடாவிலும், மார்கழி முதல் மாசி வரை ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். வாசலில் கிடக்கும் பனியை மண்வெட்டியால் வாரி எறிந்தால்தான் வெளியே காலெடுத்து வைக்கலாம். அந்தக் குளிரை நம் முன்னோர் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால் நீங்கள் வியப்படையலாம். பாஸ்டன் நகரத்துப் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைப்பதற்காக எழுந்த ஐஸ் ஹவுஸ்தான். நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து தப்பி ஓடவே அந்நாட்டார் பெரும் பொருள் செலவழித்தனர். இது வாணிகத்தின் விசித்திரம்!

அவர்கள் ஓடிச் சேரும் இடம் பிளாரிடா. நாட்டின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய விரல்போல் கிடக்கும் நிலம் அது. 1845-இல் அது ஐக்கிய நாடுகளில் ஒரு மாகாணமாயிற்று. ஆயினும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் வரையிலும் அதன் தென்பகுதி சதுப்பும் காடுமாகவே கிடந்தது. கொசுவும் முதலையும் அங்கே கவலையின்றி வாழ்ந்தன. அந்நிலத்தைச் செல்வர்களின் குளிர்கால வாசஸ்தலமாக மாற்றியவர் ஹென்றி பிளாக்லர். எண்ணெய் வாணிகத்தில் ராக்பெல்லரின் கூட்டாளியாக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர் இவர். செயின்ட் அகஸ்டின் என்னும் பழைய ஊரில் 1888-இல் அரண்மனை போன்றதொரு ஓட்டலைத் திறந்தார். ஓட்டல் இருந்தால் போதுமா? விருந்தினர் வந்து சேர வேண்டாமா? ஆதலால் ரயில் பாதைகளை வாங்கினார். இல்லாத இடங்களில் புதிதாகப் போட்டார். அவருடைய பாதை 1894-இல் பாம் பீச்சை எட்டியது. அந்த ஆண்டு மார்கழியிலும் அடுத்த மாசியிலும் வீசிய கடுங்குளிரில் பிளாரிடாவின் வடபகுதியிலிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகிப்போயின. தெற்கே மயாமியில் நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில் என்ற அம்மையார், தம் தோட்டம் வாடவில்லை என்பதைக் காட்ட ஆரஞ்சுப் பூக்களைப் பிளாக்லருக்கு அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. பூ மெய்யோ பொய்யோ, 1896-இல் ரயில் மயாமிக்கு வந்தது மெய்.

அக்காலத்தில் தெற்கே வந்தவர்கள் பெருஞ்செல்வர்கள். அவர்களிற் சிலர் சொந்த ரயில் பெட்டியிலேயே வந்து இறங்குவர். இறங்கியபின் ஊர் சுற்ற என்ன செய்தார்கள்? பாம் பீச்சில் இதற்கென்று ஒரு வண்டி இருந்தது. முன்னால் பிரம்பு நாற்காலி. பின்னால் சைக்கிள் மிதி. நாற்காலியில் வெள்ளைக்கார விருந்தினர் சாய்ந்திருப்பர். பின்னால் இருந்து மிதிப்பவர் ஒரு கறுப்பர். கார் வருவதற்குமுன் அந்த உல்லாச உலகம் யாருடைய கால்களால் ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செல்வரின் தெற்கைச் சாமானியரின் தெற்காக ஆக்கியது மோட்டார்க் கார். ஹென்றி போர்டின் டி மாடல் வண்டி 1908-இல் வெளிவந்தது. முதலில் அதன் விலை 850 டாலர். தொழிற்சாலையில் வேலை ஓடும் பட்டையின்மீது நடக்கத் தொடங்கியபின் விலை இறங்கிக்கொண்டே வந்து, 1925-இல் 300 டாலருக்கும் கீழே போயிற்று. ஆனால் கார் இருந்து என்ன பயன்? சாலை வேண்டுமே! மழை பெய்தால் அச்சு வரையில் சேற்றில் புதையும் மண்பாதைகளே அன்று தெற்கெங்கும் இருந்தன.

இங்கே கார்ல் பிஷர் என்ற மனிதர் வருகிறார். கார்களுக்கு முன்விளக்குச் செய்து பணம் திரட்டியவர். இண்டியானாபொலிஸ் நகரில் 1909-இல் கார்ப் பந்தயத் திடல் அமைத்தவர்களில் ஒருவர். மயாமிக்கு எதிரே கடலில் கிடந்த அலையாத்திக் காட்டுத் திட்டில் பெரும் பகுதியை இவர் கையகப்படுத்தி, விரிகுடாவின் அடியிலிருந்து மணலை வாரிக் கொட்டி மேடாக்கினார். அதுதான் மயாமி பீச் என்ற நகரமாயிற்று. நகரத்துக்கு ஆள் வேண்டும். ஆள் வரச் சாலை வேண்டும். ஆகவே சிகாகோ முதல் மயாமி வரை ஒரு நெடுஞ்சாலை போட வேண்டும் என்று கிளர்ச்சி செய்தார். 1915-இல் அதற்கென ஒரு சங்கம் கூடியது. சாலைக்கு 'டிக்ஸி நெடுஞ்சாலை' என்று பெயரிட்டனர். டிக்ஸி என்பது தென் மாகாணங்களுக்கு வழங்கும் செல்லப் பெயர். பிஷர் விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர். நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஹார்டிங் 1921-இல் மயாமி பீச்சுக்கு வந்தபோது, அவர் கோல்ப் ஆடும் மட்டைகளைச் சுமக்க ரோசி என்ற யானைக்குட்டியை நிறுத்தினார். மறுநாள் செய்தித்தாள்களில் அந்தப் படம் வராமல் இருக்குமா?

சாலையைப் போட்டவர் யார்? பாடப் புத்தகங்கள் பிஷரின் பெயரைச் சொல்லி நின்றுவிடுகின்றன. அவை சொல்லாத ஒன்று உண்டு. ஜார்ஜியா முதலிய மாகாணங்களில் சாலை வேலை செய்தவர்களிற் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். காலில் சங்கிலி பூட்டி, துப்பாக்கிக் காவலின்கீழ் அவர்கள் மண் வெட்டினார்கள், கல் உடைத்தார்கள். அவர்களுள் மிகப் பலர் கறுப்பர். வேலையின்றித் திரிந்தார் என்பது போன்ற அற்பக் குற்றத்துக்கே பிடிபட்டவர்கள் எத்தனையோ பேர். வடக்கிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்தவர்கள் சாலையோரத்தில் அந்தச் சங்கிலி வரிசைகளைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து சென்றார்கள். சாலை சமமாக இருப்பதே அவர்களுக்குப் பெரிது.

அவ்வாறு வந்தவர்களில் ஒரு சாராரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காருக்குப் பின்னே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, தகர டப்பாக்களில் அடைத்த உணவை உண்டு, ஓட்டலுக்கு ஒரு காசும் கொடுக்காமல் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் இவர்கள். ஊரார் இவர்களைத் தகர டப்பாப் பிரயாணிகள் என்று கேலி செய்தனர். அவர்களோ அந்தக் கேலிப் பெயரையே விருதாக ஏற்றுக்கொண்டு, 1919-இல் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடிச் சங்கம் அமைத்துவிட்டனர். ரேடியேட்டர் மூடியின்மேல் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருந்தால், அவர் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று பொருள். விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முதலியோருக்கும் குளிரிலிருந்து விடுதலை கிடைத்தது இவர்களால்தான் என்று நான் கருதுகிறேன். பிளாக்லரின் ஓட்டல்களைவிட இந்தத் தகர டப்பாவே வரலாற்றில் பெரியது.

இனி ஓடத்தில் ஏறிய வண்டிக்கு வருவோம். பிளாரிடாவின் தென்முனைக்கு அப்பால் தீவுகள் ஒரு மாலைபோல் கடலில் கிடக்கின்றன. கடைசித் தீவு கீ வெஸ்ட். பிளாக்லர் தம் முதுமையில், கடலின்மீதே பாலம் கட்டி 1912-இல் அந்தத் தீவுக்கு ரயில் விட்டார். கட்டும்போதே 1906-ஆம் ஆண்டுப் புயல் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பலி கொண்டது. காருக்கு அங்கே முழுப் பாதை இல்லை. 1928-இல் சாலை திறந்தபோதும், நடுவில் ஏறத்தாழ 40 மைல் தூரத்துக்குப் பாலம் கிடையாது. காரைப் பெரும்படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். படகோ மெல்லச் செல்லும். அலை மிகுந்தால் அதுவும் இல்லை. இந்தக் குறையை நீக்கப் பாலம் கட்டும் வேலையை, முதல் உலகப் போரில் போராடிய பழைய சிப்பாய்களிடம் அரசாங்கம் ஒப்படைத்தது. வேலையின்றி வறுமையில் வாடியவர்கள் அவர்கள். தாழ்ந்த தீவுகளில், கடலோரக் கொட்டகைகளில் அவர்களைத் தங்க வைத்தனர். 1935 செப்டம்பர் 2-ஆம் நாள் பெரும் புயல் வந்தது. அவர்களை மீட்க மயாமியிலிருந்து புறப்பட்ட ரயில் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது. வந்த ரயிலையும் அலை புரட்டிப் போட்டது. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டவர் அந்தச் சிப்பாய்களே. போர்க்களத்தில் சாகாமல் வந்தவர்கள், உல்லாசப் பயணிகளின் கார் படகுக்குக் காத்திராமல் போவதற்காக உயிர் துறந்தார்கள். ரயில் கம்பெனியால் பாதையைத் திரும்பக் கட்ட இயலவில்லை. மாகாணம் அதனை விலைக்கு வாங்கி, ரயில் பாலங்களின் மேலேயே சாலை போட்டு 1938-இல் திறந்தது. ரயில் ஓடிய இடத்தில் கார் ஓடிற்று.

மாணவ நண்பர்களே, இவ்விடத்தில் நீங்கள் ஒரு வினாவைக் கேட்க வேண்டும். காரும் இருந்து, கையில் காசும் இருந்தால், யார் வேண்டுமானாலும் தெற்கே போக முடிந்ததா? முடியவில்லை. ரயில் மயாமியை அடைந்த அதே 1896-இல், ரயில் பெட்டிகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது சட்டத்துக்கு மாறானது அன்று என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வசதி படைத்த கறுப்பர்கள், ரயிலின் அவமானம் வேண்டாமென்று சொந்தக் காரில் செல்ல விரும்பினார்கள். சாலையிலோ ஓட்டல் கிடையாது. உணவு விடுதி கிடையாது. சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவர்கள் தலை காட்டவே கூடாது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர், கறுப்பருக்கு இடம் கொடுக்கும் விடுதிகளையும் வீடுகளையும் தொகுத்து 1936-இல் 'பச்சைப் புத்தகம்' என்று பெயர் பெற்ற கையேட்டை வெளியிட்டார். இனப் பாகுபாட்டை விலக்கும் சட்டம் 1964-இல் நிறைவேறும் வரையில் அந்தப் புத்தகத்துக்கு வேலை இருந்தது. இன்னொன்றையும் நோக்குங்கள். வெள்ளையர் குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்த அதே காலத்தில், 1910 முதல் 1970 வரை, ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பர்கள் தெற்கின் கொடுமைக்கு அஞ்சிக் குளிர் மிகுந்த வடக்கே போனார்கள். அவர்களுக்குத் திரும்பி வரும் பருவம் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கார்கள் பெருகின. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், நாட்டின் குறுக்கும் நெடுக்குமாக அகன்ற நெடுஞ்சாலைகள் எழுந்தன. ஓய்வு பெற்ற முதியவர்கள் ஆறு மாதம் வடக்கிலும் ஆறு மாதம் தெற்கிலும் வாழத் தொடங்கினார்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர் ஏற்பட்டது. தெற்கே போனால் அவர்களுக்குக் கார் இன்றியமையாதது. பிளாரிடாவின் புதிய ஊர்கள் காருக்கென்றே விரிந்தவை. கடைக்கு நடந்து போகலாம் என்ற எண்ணமே அங்கே செல்லாது. ஆனால் நியூயார்க்கிலிருந்து மயாமிக்கு ஏறத்தாழ 1,300 மைல். எழுபது வயதைக் கடந்தவர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காரோட்ட முடியுமா? இந்தக் கேள்வியிலிருந்தே ஒரு தனித் தொழில் பிறந்தது.

அதற்கு மூன்று வழிகள் ஏற்பட்டன. ஒன்று, காரை ஓட்டிச் சென்று சேர்க்க ஓர் இளைஞரை அமர்த்திவிட்டு, உரிமையாளர் விமானத்தில் போவது. கல்லூரி மாணவர்கள் பலர் இவ்வாறு பிறர் காரில் நாடு முழுவதையும் பார்த்தார்கள். மற்றொன்று, காரை லாரியில் ஏற்றி அனுப்புவது. கிளீவ்லண்டு நகரில் கார் செய்து விற்ற அலெக்சாண்டர் விண்டன், புதுக் காரை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் அது பழங்காராகி விடுமே என்று எண்ணி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காரைச் சுமக்கும் வண்டி ஒன்றை அமைத்தார். அதன் வழித்தோன்றல்களே இன்று எட்டுப் பத்துக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்து செல்லும் லாரிகள். இந்தத் தொழிலின் கணக்கு சுவையானது. இலையுதிர் காலத்தில் எல்லோரும் தெற்கே அனுப்புவார்கள். வடக்கே அனுப்ப ஆள் இராது. லாரியோ திரும்பி வந்தாக வேண்டும். அந்த வெறும் பயணத்தின் செலவும் தெற்கே அனுப்புகிறவர் தலையில்தான் விழும். வசந்தத்தில் இது தலைகீழாகும். நம் ஊர்ச் சந்தைக்குப் போகும் வண்டிக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழிதான் மிக அழகியது. காரையும் ஆளையும் ஒரே ரயிலில் ஏற்றுவது. இங்கிலாந்தில் 1955-லேயே லண்டனிலிருந்து ஸ்காட்லண்டின் பெர்த் நகருக்கு இத்தகைய ரயில் ஓடிற்று. அமெரிக்காவில் 1960-களில் போக்குவரத்து இலாகா இதைப்பற்றி ஆராய்ந்தது, ஆராய்ச்சியோடு நின்றுவிட்டது. அந்த இலாகாவில் பணியாற்றிய யூஜீன் கார்பீல்டு என்பவர், அரசாங்கம் கைவிட்டதைத் தாமே செய்வது என்று துணிந்து வெளியே வந்தார். பங்குகள் விற்று முதல் திரட்டினார். பழைய ரயில் பெட்டிகளை விலைக்கு வாங்கினார்; கார்களை ஏற்ற, கனடா ரயில்வேயின் இரண்டடுக்கு மூடு பெட்டிகளை வாங்கினார். ஊதாவும் வெள்ளையும் சிவப்புமாக வண்ணம் பூசினார். 1971 டிசம்பர் 6-ஆம் நாள் 'ஆட்டோ டிரெயின்' புறப்பட்டது. வாஷிங்டனுக்கு அருகே வர்ஜீனியாவின் லார்ட்டன் ஒரு முனை. பிளாரிடாவின் சான்போர்டு மறுமுனை. இடைத்தூரம் 855 மைல். நியூயார்க்கிலிருந்தே ஏன் புறப்படவில்லை என்று கேட்கலாம். வடக்கே உள்ள பழைய ரயில் குகைகளுக்குள் கார் ஏற்றிய உயரமான பெட்டிகள் நுழையா. ஆகவே அதுவரை காரை ஓட்டிவந்து, அங்கே ரயிலேற்ற வேண்டும்.

இந்த முயற்சி நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ரயில் கம்பெனிகள் பயணிகளை ஏற்றி நஷ்டப்பட்டு, இனி எங்களால் ஆகாது என்று கைவிரித்துவிட்டன. 1971 மே முதல் நாள்தான் அரசாங்கம் ஆம்டிராக் என்ற அமைப்பின்மூலம் பயணி ரயில்களைத் தன் பொறுப்பில் ஏற்றிருந்தது. அத்தகைய வேளையில் ஒரு தனி மனிதர் ரயில் விட்டு இலாபமும் கண்டார் என்றால், அது சிறு செயல் அன்று. ஆனால் வெற்றி அவரைச் சற்றே வேகமாக இழுத்துச் சென்றது. 1974-இல் கெண்டக்கியின் லூயிவில் நகரிலிருந்து இரண்டாவது ரயிலை விட்டார். அதற்குப் போதிய பயணிகள் இல்லை; பாதையும் சீராக இல்லை. 1976-இலும் 1978-இலும் முதல் வழித்தடத்து ரயில் தடம் புரண்டது. கடன் பெருகி, 1980-இல் கம்பெனி திவாலாகி, 1981 வசந்தத்தில் ரயில் நின்றது. தேவை நிற்கவில்லை. இரண்டரை ஆண்டுக்குப்பின், 1983 அக்டோபர் 30-இல், ஆம்டிராக் அதே பெயரில், அதே இரு ஊர்களுக்கு இடையே ரயிலை மீண்டும் தொடங்கிற்று. அது இன்றும் ஓடுகிறது.

அந்தப் பாதையில் இரண்டு ஊர்களை மட்டும் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். சான்போர்டு ஒன்று. பேஸ்பால் ஆட்டக்காரர்களும் ஒருவகையில் பனிப்பறவைகளே. பருவம் தொடங்குமுன் பயிற்சிக்காகத் தெற்கே வருவார்கள். 1946 மார்ச்சில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு இளைஞர் பயிற்சிக்காகச் சான்போர்டுக்கு வந்தார். ஊர் வெள்ளையர் மிரட்டியதால் சில நாட்களிலேயே வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டே அவர் பெரிய அணிகளின் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்தார். மற்றோர் ஊர் கிரசென்ட் சிட்டி. 2002 ஏப்ரலில், வெயிலில் தண்டவாளம் நெளிந்ததால் ஆட்டோ டிரெயின் இவ்வூருக்கு அருகே தடம் புரண்டு நால்வர் இறந்தனர். அவ்வூரில் 1889-இல் பிறந்தவர் பிலிப் ராண்டால்ப். படுக்கைப் பெட்டிகளில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்த கறுப்புப் பணியாளர்களைத் திரட்டி, 1925-இல் சங்கம் கண்டவர் அவர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப்பின், 1937-இல் புல்மன் கம்பெனி அச்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. தெற்கே போன செல்வர்களின் இரவுத் தூக்கத்தைக் காத்த கைகளுக்கு அன்றுதான் நேர வரையறையும் நியாயமான ஊதியமும் எழுத்தில் கிடைத்தன.

இன்று ஆட்டோ டிரெயின் எப்படி ஓடுகிறது? பிற்பகலில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். பணியாளர் ஒவ்வொரு காரையும் முன்னும் பின்னும் படம் பிடிப்பார். பழைய கீறல் எது, புதிய கீறல் எது என்று பின்னால் வழக்கு வராமல் இருக்க வேண்டும் அல்லவா? கதவில் காந்தத்தால் ஒட்டும் எண் ஒன்றைப் பொருத்துவார். உரிமையாளர் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போவார். காரை அடுக்குப் பெட்டிக்குள் ஏற்றுவது ரயில்காரரின் வேலை. முந்நூறுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்ற முடியுமாதலால், ரயில் முக்கால் மைல் நீளம் இருக்கும். மாலையில் புறப்பட்டால், பயணிகள் ஏறி இறங்க வழியில் ஓரிடத்திலும் நிற்காது. தென் கரோலினாவின் பிளாரன்சில் மட்டும் இரவில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றவும் ஆள் மாற்றவும் நிற்கும். விடிந்து காலை உணவு முடிந்ததும் சான்போர்டு வந்துவிடும்.

ஆனால் அதன்பின் சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் வந்து ஏற்றியவர் கார் முதலில் இறங்கும் என்பதில்லை. எந்தப் பெட்டி முதலில் சாய்தளத்தை அடைகிறதோ, அதிலுள்ளவை முதலில் வரும். பயணிகள் நிலையத்து நிழலில் நின்றபடி, ஒலிபெருக்கியில் தங்கள் எண் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பர். சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கனத்த கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, மார்கழி வெயிலில் நிற்பதற்கு அவர்களில் எவரும் வருந்துவதாகத் தெரியவில்லை.